பிராட்மூரை மிதித்தவன்

உலகத்தில் உண்மையான ஒலி என்று ஒன்றே ஒன்றுதான் உண்டு. அதற்கு முன்னால் கேட்டவையெல்லாம் ஒத்திகை, பின்னால் வந்தவையெல்லாம் போலி. அந்த ஒலி கள்ளக்குறிச்சியில், ஒரு ரைஸ் மில்லின் பின்பக்கக் குடோனில், தவிட்டு மூட்டைக்கும் எலிப்பொறிக்கும் நடுவில் ஒரு ரவிக்கைத் துணியில் சுற்றி வைக்கப்பட்டிருந்தது.

சுற்றி வைத்தவர் செல்லமுத்து. கச்சிராயபாளையத்தில் பன்னிரண்டு ஏக்கர் கரும்பு, கள்ளக்குறிச்சியில் மில், இது போதாதென்று 'கோமுகி இன்னிசை மழை' என்ற ஆர்கெஸ்ட்ரா. அதன் நிறுவனர், தலைவர், லீட் கிடார் மூன்றும் அவரே. நோட்டீஸில் மூன்று பதவிக்கும் மூன்று போட்டோ போட்டிருப்பார். மூன்றிலும் ஒரே சட்டை.

ரவிக்கைத் துணிக்குள் இருந்தது ஒரு பெடல். கிடாருக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் நடுவே ஒயரால் இணைத்துத் தரையில் வைக்கிற, உள்ளங்கை அகல இரும்புப் பெட்டி. காலால் அழுத்தி மிதித்தால் 'டொக்' என்று ஆன் ஆகும். உடனே ஒரு கிடாரின் சத்தம் நாலைந்து கிடார் சேர்ந்து வாசிப்பது போல விரிந்து இழையும். மறுபடி மிதித்தால் ஆஃப். ஆஃபில் இருக்கும்போது அது வெறும் ஒயர்தான், இந்தப் பக்கம் போகிற சத்தம் அந்தப் பக்கம் அப்படியே வரும். இப்படிப் பல கம்பெனிப் பெடல்கள் உண்டு. செல்லமுத்துவுடையது பிராட்மூர். அமெரிக்க அசல். 2008-இல் சிங்கப்பூரிலிருந்து அவர் மச்சான் கொண்டுவந்தது. அது வந்த அட்டைப்பெட்டிகூட வீட்டு ஹாலில், கண்ணாடி ஷோகேஸின் மேல்தட்டில் இருக்கிறது. அதற்குக் கீழ்த்தட்டில் அவர் மகளின் நர்சிங் பட்டம்.

பிராட்மூர் வந்து இறங்கியது ஆயுத பூசை வாரம். மில் மோட்டார், டிராக்டர், எடை மேடை ஆகியவற்றோடு அதற்கும் சந்தனம் தெளித்துக் குங்குமம் வைத்தார்கள். வைத்த பிறகுதான் சிக்கல் புரிந்தது. பொட்டு வைத்துக் கற்பூரம் காட்டியாகிவிட்டது, இனி அது சரஸ்வதி. சரஸ்வதியைக் காலால் மிதிப்பது எப்படி?

செல்லமுத்து ஒரே நாளில் வழி கண்டுபிடித்தார். ஒவ்வொரு கச்சேரியிலும் இரண்டாவது பாட்டின் நடுவே, தொந்தி இடம் கொடுத்த அளவுக்குக் குனிந்து, பெடலின் பொட்டை மோதிர விரலால் தொட்டு, அந்த விரலைக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். ஆன் ஆகிவிட்டது. பிறகு நிமிர்ந்து, பாதிக் கண்ணை மூடி வாசிப்பார். கூட்டம் கைதட்டும். பதினோரு ஆண்டுகளாகத் தட்டிக்கொண்டிருந்தது.

தொடுவதற்கு முன்னும் பின்னும் சத்தத்தில் வித்தியாசம் இருந்ததா என்றால், இல்லை என்று சொன்னவர் குழுவில் ஒரே ஆள். பாடகி கமலா. 2010-இல், நைனார்பாளையத்துக் காதுகுத்து ஒன்று முடிந்து வேனில் திரும்பும்போது, "எனுக்கு ரெண்டும் ஒண்ணாட்டந்தான் கேட்டுச்சுண்ணா" என்றாள். அடுத்த இரண்டு வருடம் அவளுக்குக் கிடைத்ததெல்லாம் டூயட்டுகளின் நடுவில் வரும் ஆ...ஆ... மட்டும். மூன்றாம் வருடம் அவளுக்கும் வித்தியாசம் கேட்கத் தொடங்கியது. கீபோர்டு வாசிக்கும் பிச்சைமுத்துவுக்கோ முதல் நாளிலிருந்தே கேட்டது. அவருக்கு மில்லில் கணக்குப்பிள்ளை வேலையும் உண்டு.

இரண்டாவது கிடார் சின்னராசு. வயது முப்பத்து நாலு. சீசனில் மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலைக்குக் கரும்பு வெட்டி லோடு ஏற்றுவான், மற்ற மாதங்களில் கிடார். அந்தக் கிடாரும் குழுவுக்குச் சொந்தம். இந்தக் கதையில் அவனுக்கு வேண்டியிருந்தது ஒன்றுதான்: மைக்கில் அவன் பெயரை ஒரு முறை சொல்ல வேண்டும்.

பெரிய ஆசையில்லை. எல்லா ஆர்கெஸ்ட்ராவிலும் சொல்வார்கள். நிகழ்ச்சியின் நடுவே செல்லமுத்து மைக்கைப் பிடித்து, கீபோர்டு இன்னார், தபேலா இன்னார், ரிதம் பேடு இன்னார் என்று சொல்லிக்கொண்டே வந்து, "மற்றும் குழுவினர்" என்று முடிப்பார். சின்னராசு அந்தக் 'குழுவினர்'. ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்றுகிறவரும் அதில்தான் அடக்கம். ஒன்பது வருடமாக இப்படி. அவன் மனைவி இருசம்மாள் முதல் இரண்டு வருடம் முன்வரிசையில் போய் உட்கார்ந்து பார்த்தாள். பிறகு நிறுத்திவிட்டாள்.

"பக்கத்துல இருக்கிறவள்கிட்ட அதான் எங்கூட்டுக்காருன்னு கைய காட்டுறேன், அவ பேடு வாசிக்கிறவன பாத்துட்டு நல்லா செவப்பா கீறாருக்கான்றா. மைக்குல உம்பேரு வரட்டும்யா. அப்புறம் வரேன்."

ஒரு நாள் அவன் கேட்டேவிட்டான். செல்லமுத்து கிடாருக்குக் கம்பி மாற்றிக்கொண்டிருந்தார்.

"ஒரு தரம் எம்பேரையும் சொன்னீங்கன்னா..."

"பேரு சொல்றதுக்கு உங்கிட்ட இன்னாடா சவுண்டு கீது? சவுண்டு இருக்கிறவனுக்குத்தான் பேரு. நீ வாசிக்கிறது கரும்பு மிசின்ல சக்கை வுழற மாதிரி கீது."

சவுண்டு இருந்தால் பெயர். இதைச் சின்னராசு ஒரு விலைப்பட்டியல் போலப் புரிந்துகொண்டான். போனில் தேடி ஒரு பெடலை வரவழைத்தான். அதே ஊதா நிறம், அதே மூன்று திருகு. பிராட்மூரை அப்படியே பார்த்துச் செய்த மலிவுச் சரக்கு, விலை பதினைந்தில் ஒரு பங்கு. கம்பெனிப் பெயர் எதுவும் அதன்மேல் இல்லை. மூன்று வாரம் கிடாரை வீட்டுக்கு வாங்கிப் போய், மிதிக்கவும் வாசிக்கவும் பழகினான். மிதித்தால் நீல விளக்கு எரிந்தது. இருசம்மாள், "இதாச்சும் லைட்டு போடுது" என்றாள்.

அடுத்த ஒத்திகையில் அதைத் தரையில் வைத்து மிதித்தான். டொக். குடோன் நிறைந்தது. தவிட்டு மூட்டைமேல் தூங்கிக்கொண்டிருந்த பூனை தலையைத் தூக்கிப் பார்த்தது. கமலா பாட்டு நோட்டை மூடிவிட்டுத் திரும்பினாள். செல்லமுத்துவும் பார்த்தார். அவர் பார்த்தது காலை.

"இன்னாடா அது?"

"பெடலுங்கண்ணா."

"இன்னாத்துக்கு அதுல லைட்டு எரியுது?"

"ஆன்ல கீதுன்னு காட்டுதுங்க."

"திருவிழாக் கடையில விக்கிற பொம்மையிலகூடத்தான் லைட்டு எரியுது. பதினோரு வருசமா வெச்சினுகீறேன், எம் பிராட்மூரு ஒரு நாளு எரிஞ்சி பாத்துகீறியா? அசலு எரியாதுடா. தன்ன காட்டிக்காது."

"காட்டிக்காதுண்ணா" என்றார் பிச்சைமுத்து.

"லைட்ட வுடு. அது மேல கால வெச்சியே, அதச் சொல்லு மொதல்ல."

"கால்ல மிதிக்கிற மாதிரிதாங்கண்ணா செஞ்சிகீறாங்க."

"செஞ்சவன் செய்வான். ஏன்டா, உங்க ஊட்ல சாமி படத்த வாசப்படியில போட்டு மிதிச்சிக்கினுதான் உள்ள போவீங்களா?"

பிச்சைமுத்து சிரித்தார். தபேலாக்காரரும் சிரித்தார். சின்னராசுவும் கொஞ்சம் சிரித்தான். அந்த இடத்தில் சிரிக்காவிட்டால் திமிர் என்பார்கள்.

அதோடு விட்டிருந்தால் ஒன்றுமில்லை. ஆனால் செல்லமுத்துவுக்கு எதையும் நிரூபித்துவிட வேண்டும். நெல்லைக் கையில் அள்ளிய உடனே ஈரப்பதம் சொல்லிவிடுவார், மெஷின் வேறு சொன்னால் மெஷினை மாற்றுவார். அவரே பரீட்சை வைத்தார். பிராட்மூரின் பொட்டை முறைப்படி மோதிர விரலால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார்.

"ரெண்டுலயும் ஒயர மாத்தி மாத்திச் சொருவி ஒரே மெட்ட வாசிடா. எது அசலுன்னு நான் சொல்றேன். நாயிக்கே எலும்பு எது பிளாஸ்டிக்கு எதுன்னு தெரியுது. எனுக்குத் தெரியாதா?"

"உங்களுக்கு அதவிட நல்லாத் தெரியும்ணா" என்ற பிச்சைமுத்து, மரியாதைக்காகத் தானும் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். தபேலாக்காரரும் திரும்பினார். கமலா மட்டும் திரும்பவில்லை.

சின்னராசு முதலில் தன் பெடலில் ஒயரைச் செருகினான். வாசித்தான். பிறகு பிராட்மூரில் செருகி அதே மெட்டை வாசித்தான். பிராட்மூர் வழியாக வந்த சத்தம், எந்தப் பெடலும் இல்லாமல் வெறும் கிடார் எப்படி இருக்குமோ அப்படியே இருந்தது. அவன் பிராட்மூரைச் சந்தேகப்படவில்லை, தன் காதைத்தான் சந்தேகப்பட்டான். பதினைந்து மடங்கு விலையுள்ள சத்தத்துக்குப் பதினைந்து மடங்கு காது வேண்டும், கரும்புத் தோகை கிழித்த காதுக்கு அது எட்டாது என்று நினைத்துக்கொண்டான்.

செல்லமுத்து சுவரிடம் பேசினார்.

"மொதல்ல வாசிச்சியே, அதான்டா பிராட்மூரு. கண்ண மூடினா சிங்கப்பூரு தெரியுது. கடலு, கப்பலு, லைட்டு எல்லாந் தெரியுது. ரெண்டாவது கீது பாரு, மண்ணெண்ண ட்ரம்மு. அத வாசிச்சவனுக்கே வெக்கமா இருந்திருக்கும்."

அவர் சிங்கப்பூர் போனதில்லை. பாஸ்போர்ட்டே கிடையாது.

"இன்னாடா, சரியா?"

ஒயர் இன்னும் பிராட்மூரில்தான் இருந்தது. கமலா சின்னராசுவையே பார்த்துக்கொண்டிருந்தாள். இல்லீங்க என்று ஒரு சொல் சொன்னால் போதும். அப்புறம் அந்தக் குடோனில் 'மற்றும் குழுவினர்' ஆகக்கூட அவனுக்கு இடம் இருக்காது. சின்னராசு சத்தம் வராமல் ஒயரைப் பிடுங்கினான்.

"சரிங்கண்ணா. மொதல்ல வாசிச்சதுதான் அசலு."

கமலா இருமினாள். செல்லமுத்து திரும்பினார். ஜெயித்தவரின் முகத்தில் வழக்கமாக வருகிற இரக்கம் அவர் முகத்திலும் வந்திருந்தது.

"ஒத்துக்கினான் பாரு. மனுசன்னா இப்டி இருக்கணும். டேய், வெள்ளிமலைக் கோடை விழாவுல உம்பேர மைக்குல சொல்றேன். சும்மா இல்ல, ஒரு பாட்டுக்கு நீ எம் பிராட்மூருல வாசி. அசலுன்னா இன்னான்னு தெரிஞ்சிக்கோ. தலைக்குக் குளிச்சிட்டு வா, கைய சோப்பு போட்டுக் கழுவிட்டுத் தொடு. இந்த டூப்ளிகேட்ட மேடைப் பக்கம் கொண்டாந்த, ஒன்ன லாரிக்கு லோடு ஏத்தவே அனுப்பிடுவேன்."

வெளியே வந்ததும் கமலா அவனை நிறுத்தினாள்.

"ஏன்டா, உன் டப்பாவத்தான்டா அவரு சிங்கப்பூருன்னாரு."

"தெரியும்க்கா."

"அப்புறம் இன்னாத்துக்குடா வாய மூடினுகீற?"

"பேரு சொல்றேன்னாருக்கா."

கமலா, தான் ஆ...ஆ... பாடிய இரண்டு வருடம் நினைவுக்கு வர, செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

கள்ளக்குறிச்சியைத் தனி மாவட்டம் ஆக்கப்போகிறார்கள் என்று அறிவிப்பு வந்திருந்த வருடம் அது. கல்வராயன் மலையிலுள்ள வெள்ளிமலையில் கோடை விழாவை வழக்கத்தைவிடப் பெரிதாக நடத்தினார்கள். காய்கறியில் யானை செய்திருந்தார்கள். கோமுகி இன்னிசை மழைக்கு ஒதுக்கிய நேரம் மாலை நாலு மணி. முன்னால் பூந்தொட்டிகளுக்குப் பரிசளிப்பு, பின்னால் நாய் கண்காட்சி. கூட்டத்தில் பாதிப் பேர் நாய்களோடு வந்து, ஆர்கெஸ்ட்ரா முடியக் காத்திருந்தார்கள்.

இருசம்மாள் கல்யாணப் புடவை கட்டிக்கொண்டு, கச்சிராயபாளையத்திலிருந்து பஸ்ஸில் மலையேறி வந்திருந்தாள். தனியாக அல்ல. தெருவிலிருந்து ஐந்து பெண்களை டிக்கெட் எடுத்துக் கூட்டி வந்திருந்தாள். "மைக்குல பேரு சொல்றாங்க" என்று கொண்டை ஊசி வளைவுதோறும் சொல்லிக்கொண்டு வந்தாள். அதில் ஒருத்தி வாந்தி எடுத்துக்கொண்டே தலையாட்டினாள்.

செல்லமுத்து மைக்கைப் பிடித்தார்.

"பெரியோர்களே. மாவட்டம் இனிமேல்தான் வரப்போகிறது. ஆனால் அசல் ஒலி இந்த மண்ணுக்குப் பதினோரு வருடம் முன்பே வந்துவிட்டது. இன்று நம் குழுவின் ஓர் எளிய கலைஞனுக்கு, நான் பெற்ற அந்த இன்பத்தைக் கொடுக்கிறேன். லீட் கிடார், கச்சிராயபாளையம் சின்னராசு."

பெயர் மலையில் ஒரு சுற்று போய்த் திரும்பி வந்தது. இருசம்மாள் எழுந்து நின்றாள். பின்னால் இருந்தவர், "உக்காரும்மா, மறைக்குது" என்றார். அவள் உட்காரவில்லை.

சின்னராசு குளித்திருந்தான், சோப்பு போட்டிருந்தான், செருப்பை மேடைக்குக் கீழேயே விட்டிருந்தான். அன்று காலையில்தான் புதிதாகப் பொட்டு வைத்த பிராட்மூர் அவன் முன்னால் இருந்தது. பாட்டு தொடங்கியது. இரண்டாம் சரணத்துக்கு முன் கிடார் தனியாக எழ வேண்டும், அந்த இடத்தில் குனிந்து மோதிர விரலால் தொட வேண்டும் என்று செல்லமுத்து நாலு முறை சொல்லியிருந்தார். செல்லமுத்துவுக்குக் குனிய நேரம் இருந்ததற்குக் காரணம் உண்டு. அவர் குனியும்போதெல்லாம் பின்னால் சின்னராசு விடாமல் வாசித்துக்கொண்டிருப்பான். இன்று அவனுக்குப் பின்னால் வாசிக்க ஆள் இல்லை. இரண்டு கையும் கம்பியில் இருந்தன. மூன்று வாரம் பழகிய வலது கால் தானாக எழுந்து, குங்குமத்தின் மேல் குதிகாலால் இறங்கியது.

டொக்.

பதினோரு வருடத்தில் பிராட்மூரிலிருந்து அந்தச் சத்தம் வந்தது அதுதான் முதல் முறை. அதோடு கிடார் செத்தது. சின்னராசுவின் விரல்கள் கம்பியில் ஓடிக்கொண்டிருந்தன, ஆம்ப்ளிஃபயரில் ஒன்றும் வரவில்லை. செல்லமுத்து கையைத் தூக்க, தபேலா நின்றது, கீபோர்டு நின்றது. கீழே ஒரு நாய் மட்டும் இரண்டு தரம் குரைத்தது.

செல்லமுத்து மைக்கை அணைக்கவில்லை.

"சின்னராசு. மிதிச்சிட்டியேடா."

"அண்ணா, கை ஒழியலீங்க..."

"சாமிய மிதிச்சிட்டான்யா. பாத்தீங்களா சனங்களே, கால வெச்ச நிமிசத்துல போயிட்டா. சத்தமே இல்ல, பாரு. டேய் சின்னராசு, எறங்குடா கீழ."

நாய்க்காரர்கள், தங்கள் முறை வந்துவிட்டது என்று நினைத்துக் கைதட்டினார்கள். சின்னராசு கிடாரைக் கழற்றிப் பிச்சைமுத்துவிடம் கொடுத்துவிட்டு இறங்கினான். மேடைப் படியில், ஒரு படி விட்டு ஒரு படி, அவன் வலது குதிகால் சிவப்பாகப் பதிந்தது. தபேலாக்காரர் ஓடிவந்து தண்ணீர் ஊற்றிக் கழுவினார்.

பஸ்ஸில் ஐந்து பெண்களும் ஜன்னலுக்கு வெளியே மரங்களைப் பார்த்துக்கொண்டு வந்தார்கள். அடிவாரத்தில் கோமுகி அணை தெரிந்த பிறகு இருசம்மாள் சின்னராசுவிடம் சொன்னாள்.

"மூணு தரம் சொன்னாங்க."

"இன்னாத்த?"

"உம்பேர. எண்ணிக்கினுதான் இருந்தேன்."

மறுநாள் பிச்சைமுத்து போனில் விஷயத்தைச் சொன்னார். இனி வர வேண்டாம், குழுவுக்கே தோஷம் என்று அண்ணன் நினைக்கிறார், கிடார் பெல்ட் அவனிடம் இருந்தால் கொடுத்தனுப்பவும். சின்னராசு பெல்ட்டைக் கொடுத்தனுப்பினான். மலிவுப் பெடல் வீட்டுப் பரணில் இருந்தது. செருகக் கிடார் இல்லை. சீசன் தொடங்கியதும் மூங்கில்துறைப்பட்டுக்கு லோடு ஏற்றப் போனான். அங்கே அவனை எல்லாரும் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். அந்தப் பெயர் சாமிய மிதிச்சவன்.

செல்லமுத்துவின் துன்பம் இதைவிடப் பெரிது. பிராட்மூர் பேச மறுத்தது. அதில் ஒயரைச் செருகினால் கிடாரின் வெறும் சத்தம்கூட வரவில்லை. மஞ்சள் நீர் தெளித்தார். கோமுகி அணைத் தண்ணீரில் துணியை நனைத்துத் துடைத்தார். பதினோரு வருடத்துக்குப் பதினோரு எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டார். மோதிர விரலால் தொட்டுத் தொட்டு, ஊதா பெயிண்ட் அந்த இடத்தில் வெளுத்துவிட்டது. மூன்று கச்சேரி பிராட்மூர் இல்லாமல் நடந்தது. மூன்றிலும் அவர் கிடார் எப்போதும் போலத்தான் இருந்தது. பிச்சைமுத்து மட்டும், உயிரே போய்விட்டது, கேட்கச் சகிக்கவில்லை என்றார்.

வேறு வழியில்லாமல் ஆவணியில் ஒரு நாள், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருக்கும் ராசுவிடம் அதை எடுத்துப் போனார். கூடவே பிச்சைமுத்துவும் போனார். செல்லமுத்து ஷட்டரைப் பாதி இறக்கச் சொன்னார்.

"இன்னாங்க ஆச்சு இதுக்கு?" என்றார் ராசு.

"ஒருத்தன் கால வெச்சிட்டான்."

"கால் வெக்கத்தாங்க செஞ்சிகீறான்."

ராசு கடையிலிருந்த ஒரு பழைய கிடாரை அதில் செருகினார். சத்தமில்லை. கட்டைவிரலை ஊன்றி அழுத்தினார். டொக். சத்தம் வந்தது, வெறும் கிடார். மறுபடி அழுத்தினார். டொக். சத்தம் போனது. இன்னொரு டொக்கில் திரும்ப வந்தது.

"வந்துட்டா பாருண்ணா" என்று பிச்சைமுத்து கையெடுத்துக் கும்பிட்டார். "அதே சவுண்டுண்ணா. அதே சிங்கப்பூரு."

"இது ஆஃப்ல வர்ற சத்தங்க" என்றார் ராசு. "ஆன் பண்ணாத்தான் செத்துப்போவுது. கடைசியா எப்ப பேட்டரி மாத்துனீங்க?"

"இன்னா பேட்டரி?" என்றார் செல்லமுத்து.

ராசு பெடலைக் கவிழ்த்து, நாலு திருகாணியைக் கழற்றி அடிமூடியை எடுத்தார். பேட்டரி வைக்கிற குழியில், ஈரம் உறிஞ்சுவதற்காகக் கம்பெனிக்காரன் 2008-இல் போட்டு அனுப்பிய உப்புப் பொட்டலம் பிரிக்காமல் இருந்தது.